பெண்ணின் கையும் கைத்துப்பாக்கியும்

ஐக்கிய அமெரிக்காவிலே, சிறு பட்டினமொன்றில், துவக்கு விற்குங் கடையொன்று. கண்ணாடிப் பேழைக்கு இப்பால் ஒரு பெண் நிற்கின்றாள். அவள் இதுகாறும் துவக்கைக் கையாலே தொட்டறியாதவள். தனியே குடியிருப்பவளோ, இரவு வேலை முடிந்து ஆளரவமற்ற வீதியால் வீடு செல்பவளோ, பிரிந்துபோன கணவனின் பயமுறுத்தலுக்கு ஆளானவளோ, யாராயினும் ஆகுக. கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்க்கின்றார். பேழையைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க சின்னஞ்சிறு ரிவோல்வர் ஒன்றை எடுத்து வைக்கின்றார். "அம்மணி, உங்களுக்கு ஏற்றது இதுதான். பாரமில்லை, கைப்பைக்குள் அடங்கிவிடும், பிடிகூட இளஞ்சிவப்பு நிறம்" என்கின்றார். துணைக்கு வந்த தமையன் தலையை அசைக்கின்றான். பணம் கைமாறுகின்றது. அவள் அதனை ஒருமுறை சுட்டுப் பார்க்கின்றாள். கை விறைக்கின்றது, காது இரைகின்றது. அதன்பின் அது மேசை இழுப்பறைக்குட் சென்று உறங்கிவிடுகின்றது.

இது கற்பனைக் காட்சியே. எனினும் அந்நாட்டிலே துவக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் சலிப்போடு எடுத்துரைக்குங் கதையும் இதுவேயாகும். இலங்கையிலே, சுடுகலன்கள் பற்றிய 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அநுமதிப்பத்திரம் பெற்றாலன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். ஆதலால் இங்குள்ள நேயர்களுக்கு இக்காட்சி புதுமையாகத் தோன்றலாம். அமெரிக்காவிலோ 1791ஆம் ஆண்டிலே அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாந் திருத்தம் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகின்றது. தன் வீட்டிலே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனியாளின் உரிமை என 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி தொடக்கம் 2021 ஏப்பிரில் வரையான காலத்துள் முன்னர் துவக்கு இல்லாதிருந்த ஏறத்தாழ 75 இலட்சம் பேர் புதிதாகத் துவக்கு உடையவராயினர் என்றும், அவருட் பாதிப்பேர் பெண்கள் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆகவே கடைப் பேழையின் முன் நிற்கும் அப்பெண் ஒருத்தியல்லள், இலட்சக்கணக்கானோர்.

அவளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதியிற் பிழை யாது? சிறியது எளியது என்னும் எண்ணமே பிழை. கரண்டியிலும் குடையிலும் அவ்வெண்ணம் சரியாகலாம். கைத்துப்பாக்கியிலோ அது தலைகீழாகின்றது.

தோணியிலிருந்து துறைமேடைக்குத் தாவும் ஒருவனைப் பாருங்கள். அவன் முன்னே பாய, தோணி பின்னே செல்கின்றது. பாரமேற்றிய பெருந்தோணியாயின் சற்றே அசைந்து நின்றுவிடும். வெறுந்தோணியாயின் காலின்கீழ் நழுவி ஓடிவிடும். தாவியவன் தண்ணீரில் விழுந்தாலும் விழுவான். நியூற்றன் வகுத்த மூன்றாம் விதியை ஊர்க் கரையிலே காண்பதற்கு இதனினும் நல்ல இடமில்லை. துவக்கின் கதையும் இதுவே. தோட்டாவின் முனையிலுள்ள சன்னம் முன்னே பாயும்போது, துவக்கு பின்னே பாய்கின்றது. இதனையே பின்னுதைப்பு என்பர். ஒரே தோட்டாவைப் பாரமான துவக்கிலும் பாரமற்ற துவக்கிலும் இட்டுச் சுட்டால், பாரமற்றதே கூடிய வேகத்தோடு கையை மோதும். சன்னத்தின் வேகம் மாறாதிருக்க, துவக்கின் நிறை பாதியானால், அதன் உதைப்பின் சக்தி இரட்டிக்கும்.

ஒரு சான்று. ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியாரின் 'மாதிரி 10' என்னும் உருக்கு ரிவோல்வர், பொலிஸ்காரர் பல்லாண்டுகளாக இடையிற் செருகித் திரிந்தது. நான்கு அங்குலக் குழலுடைய அதன் நிறை இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேலாகும். அதே கம்பனியாரின் 'மாதிரி 642', அலுமினியம் கலந்த உலோகத்தாற் செய்யப்பட்டது. நிறை ஏறத்தாழ 15 அவுன்சு. ஓர் இறாத்தற் பாணின் நிறைகூட இல்லை. இரண்டும் ஏற்பது ஒரே .38 தோட்டாவை. முதலாவதிற் பத்து முறை சுட்டவர் பதினோராம் முறைக்கு ஆயத்தமாய் நிற்பார். இரண்டாவதில் ஐந்து முறை சுட்ட புதியவர், இன்று போதும் என்று வைத்துவிடுவார். கடைக்காரர் அப்பெண்ணிடம் கொடுத்தது இந்த இரண்டாவது வகையையே.

இச்சிறு ரிவோல்வர்கள் யாருக்காகப் பிறந்தன என்பதை அறிந்தால் வியப்பு இன்னும் கூடும். 1950ஆம் ஆண்டிலே, கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரில் நடந்த பொலிஸ் அதிபர்களின் மகாநாட்டில் ஐந்து தோட்டாச் சிறு ரிவோல்வர் ஒன்றை அக்கம்பனியார் காட்சிக்கு வைத்தனர். அங்கு கூடியிருந்த அதிபர்களே அதற்குப் பெயர் தேர்ந்தனர். 'சீப்ஸ் ஸ்பெஷல்' என்றாயிற்று. சட்டைக்குள் ஒளித்துச் செல்வதற்கும், பெரிய துவக்கு கைவிட்டவிடத்து இரண்டாந் துணையாவதற்கும் உரியது அது; சுடுதலிலே பழகிக் கைதேர்ந்தவர்களின் கருவி. அதன் வழிவந்த பிள்ளைகளையே பழகாத பெண்ணின் கையிற் கொடுத்து, "உனக்கு இது போதும்" என்று பிற்காலத்தார் சொல்லலாயினர். தேர்ந்த மாலுமிகளும் தயங்கும் கட்டுமரத்தை நீந்தத் தெரியாதவனுக்குக் கொடுப்பது போன்றதே இதுவும்.

பெண்களுக்கென்றே பெயரிட்டு விற்பதும் புதிதன்று. அதே கம்பனியார் 1902 முதல் 1921 வரை 'லேடி ஸ்மித்' என்னும் பெயரிலே .22 தோட்டா ரிவோல்வர் ஒன்றைச் செய்து விற்றனர். பொம்மையெனத் தோன்றுமளவு சிறியது அது. அப்பெயரை 1989இல் மீண்டும் உயிர்ப்பித்தனர். பெயரிலே குற்றமில்லை, நிறத்திலும் இல்லை. இளஞ்சிவப்பை விரும்புகின்றவள் அதனையே வாங்கட்டும். பெண் என்றதுமே நிறத்தைக் காட்டி அளவைக் காட்ட மறப்பதே குற்றம்.

பின்னுதைப்புக்கு அடுத்ததாக, அதனினும் குறைவாகவே பேசப்படுவது விசையின் வலிமை. ரிவோல்வரின் விசையை இழுக்கும்போது, அவ்விரலே உருளையையும் சுழற்ற வேண்டும், சுத்தியலையும் பின்னே தள்ள வேண்டும். இதற்கு ஏறத்தாழ 12 இறாத்தல் விசை வேண்டியிருக்கின்றது. துவக்கோ ஓர் இறாத்தலுக்கும் உட்பட்டது. தன்னிறையைப் போலப் பன்னிரண்டு மடங்கு வலிமையோடு இழுக்கப்படும் பொருள் அசையாது நிற்குமா? விசை முழுவதும் வருமுன்னரே குழலின் முனை வலமோ இடமோ கீழோ சென்றுவிடுகின்றது. குழலும் குறுகியது, குறிகாணும் முனைகளும் கடுகு போன்றவை. ஏழு யார் தூரத்திலே வைத்த கடதாசித் தட்டிலும் படாமற் போனால், புதியவள் தன் கையையே நோகின்றாள். நோகவேண்டியது கருவியைத் தேர்ந்தவரை.

எனின், ரிவோல்வர் முற்றாகத் தள்ளத்தக்கதோ? அன்று. அதன் நற்குணம் எளிமை. உருளையைத் திறந்தால் தோட்டா உண்டா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடியாதுவிடின், விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆகவே ரிவோல்வரை விரும்புபவள், சட்டைப்பைக்குரியதை விடுத்து, நடுத்தர அளவினதாய், உருக்கினாற் செய்ததாய், நாலங்குலக் குழலுடையதாய் ஒன்றை வீட்டுக்கெனத் தேர்வது நன்று. பாரமான துவக்கு சுமப்பவருக்குத் தொல்லை, சுடுபவருக்கு நண்பன்.

மற்ற வகை, தோட்டாக்கள் பிடிக்குள்ளே பெட்டியாக அடுக்கப்பெறும் தன்னியக்கப் பிஸ்டல். குழலை மூடிநிற்கும் மேலுறை ஒவ்வொரு வெடிக்கும் தானே பின்சென்று, வெற்றுக் கோதை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றது. விசையும் இலகுவானது, ஒஸ்திரியாவின் குளொக் பிஸ்டலில் ஏறத்தாழ ஐந்தரை இறாத்தல். அமெரிக்காவில் இன்று மிகுதியும் விற்பனையாவது இவ்வகையே. ஆயினும் முதன்முறை சுடுமுன் மேலுறையைக் கையாற் பின்னிழுத்து விடவேண்டும். உள்ளிருக்கும் வில்லுச்சுருள் வலியது. கடையில் நிற்கும் பெண் இரு விரலால் அதைக் கிள்ளிப் பிடித்து இழுக்கின்றாள், அது வரவில்லை. "பார்த்தீர்களா, பெண்களுக்கு இது ஆகாது" என்கின்றார் அருகில் நிற்பவர்.

கிணற்றுக் கயிற்றை இரு விரலால் இழுப்பவர் உண்டா? மேலுறையை நான்கு விரலும் உள்ளங்கையும் சேர மேலிருந்து பற்றி, துவக்கை மார்புக்கு அண்மையில் வைத்து, குழலைப் பாதுகாப்பான திசையிலே நிறுத்தி, இடக்கையால் இழுப்பதோடு வலக்கையால் பிடியை முன்னே தள்ளினால், முன்னர் அசையாதது இப்போது அசையும். இழுப்பது சிறு தசைகள். தள்ளுவது தோளும் நெஞ்சும். இதனைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். கைமூட்டு வாதத்தினால் வலியுறும் முதியோருக்கும் மெலிந்த மணிக்கட்டுடையோருக்கும் வேறு வழியுமுண்டு. வில்லுச்சுருளை இலகுவாக்கி அமைத்த பிஸ்டல்கள் வந்துள்ளன. ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியார் 2018இல் .380 தோட்டாவுக்கும், 2020இல் 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்குமாக வெளியிட்ட 'ஷீல்ட் ஈசி' அத்தகையது. இத்தாலியப் பெரெற்றாவின் சில சிறு பிஸ்டல்களிற் குழலின் பின்புறம் மேலெழும். மேலுறையை இழுக்காமலே தோட்டாவை அதனுள் இடலாம்.

.380 தோட்டா 9 மில்லிமீற்றரிலும் மெலியது. ஆகவே அதனைச் சுடுந் துவக்கும் மென்மையானது என்று பலர் எண்ணுவர். எப்போதும் அவ்வாறன்று. பழைய வகைப் பிஸ்டல்கள் பலவற்றில் மேலுறையின் நிறையும் வில்லின் இறுக்கமுமே வெடியைத் தாங்கி நிற்கின்றன. ஆதலால் வில் கடினமாயிருக்கும், உதைப்பும் வெடுக்கென்றிருக்கும். குழலும் மேலுறையும் வெடிக்குங் கணத்திற் பூட்டிநிற்கும் அமைப்புடையவற்றில் வில்லை மெலிதாக அமைக்க முடிகின்றது. ஒரே தோட்டா, இருவேறு துவக்கு, இருவேறு அநுபவம். பெட்டியிலுள்ள இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இதனைக் கொள்க.

தோட்டாவின் பருமனைப் பற்றி ஆண்கள் மணிக்கணக்கில் வாதிடுவர். அவ்வாதத்தில் இங்கு நீண்டு செல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகமே .40 தோட்டாவைப் பல்லாண்டு கைக்கொண்டிருந்து, பின்னர் 9 மில்லிமீற்றருக்குத் திரும்பியது. உதைப்புக் குறைந்ததனால் அதன் அதிகாரிகள் விரைவாகவும் குறி தவறாமலுஞ் சுட்டனர் என்பது காரணங்களுள் ஒன்று. பயிற்சிக்கு .22 மிக நல்லது. மலிவானது, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதன் தோட்டா சிலவேளை வெடியாது போகும், வலிமையுங் குறைவு. அதிற் கற்று, 9 மில்லிமீற்றரிலோ .38இலோ நிலைபெறுவதே பல ஆசிரியர்கள் காட்டும் வழி.

இனிக் கையின் அளவு. மண்வெட்டிப் பிடி பருத்திருந்தால் வெட்டுபவன் கை கொப்பளிக்கின்றது. துவக்கின் பிடியோ பெரும்பாலும் ஆணின் கையை அளவாகக் கொண்டு வார்க்கப்பட்டது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டைப் பிடியின் உச்சியிற் பதித்து, குழலை முன்கையோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, விரல் நுனியின் தசைப்பகுதி விசையின் நடுவிலே படுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எட்டாதாயின் அவள் துவக்கைக் கைக்குள்ளே திருப்பிக்கொள்வாள். அப்போது உதைப்பு முன்கைக்குச் செல்லாது பெருவிரல் மூட்டிலே இறங்கும். இந்தக் குறை நெடுநாள் கவனிக்கப்படாதிருந்தது. ஜேர்மனியின் வால்தர் கம்பனியார் 1990களின் பிற்பகுதியிலே பிடியின் பின்புறத்தை மாற்றிப் பொருத்தத்தக்க பிஸ்டலை வெளியிட்டனர். இப்போது பல கம்பனியார் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று பின்புறங்களைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கின்றனர். கடையிலே இதனைக் கேட்டுப் பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. பிடி மிகக் குறுகி, சின்னி விரலுக்கு இடமில்லாது தொங்கினாலும் ஆகாது. பிடிக்கும் வலிமையிற் பெரும்பங்கு கீழ்விரல்களினுடையது. பிடி தளர்ந்தால், இலேசான பிஸ்டலின் மேலுறை முழுதும் பின்செல்லாது இடையிற் சிக்கிக்கொள்ளும்.

கண்ணையும் பார்க்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கண் வலியதாயிருத்தல் உண்டு. இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தூரத்திலுள்ள பொருளொன்றை இரு கண்ணாலும் அதனூடே பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குப் பொருள் மறையாது நிற்கின்றதோ அதுவே தலைமைக் கண்.

உடல் வலிமை பற்றிய பேச்சுக்கு வரலாறே விடை கூறும். நீள்துவக்கிலே உலகப் புகழ் பெற்ற அன்னி ஓக்லியின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி. 1860இற் பிறந்து 1926இல் மறைந்த அவ்வம்மையார் தம் வாழ்நாளிலே பெருந்தொகையான பெண்களுக்குச் சுடக் கற்பித்தார். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் போட்டியில், ஆணும் பெண்ணும் ஒன்றாய் நின்று சுட்ட றைபிள் பந்தயத்திலே, மாகரெற் மேர்டொக் என்னும் அமெரிக்கப் பெண்மணி முதலிடம் பெற்ற தம் நாட்டவரோடு சம புள்ளி பெற்றார். சமன் முறிக்கும் விதியினால் வெள்ளிப்பதக்கமே அவருக்குக் கிடைத்தது. தங்கம் பெற்ற லானி பாஷம், நாட்டுப்பண் ஒலிக்கையில் அவரைத் தம்மோடு மேற்படியில் ஏற்றி நிறுத்தினார்.

கற்பிக்க ஆளிருந்தால் கற்போர் வருவர் என்பதற்கு ஒர்லாண்டோ நகரைச் சொல்லலாம். 1966இல், பெண்கள்மீதான வன்செயல் பற்றிய அச்சம் புளொரிடா மாநிலத்து அந்நகரிற் பரவியது. பெண்கள் பலர், சுடத் தெரியாமலே கைத்துப்பாக்கிகளை வாங்கலாயினர். இது ஆபத்து என்று கண்ட நகரப் பொலிசார், பத்திரிகையொன்றின் துணையோடு பயிற்சி வகுப்பு ஒழுங்கு செய்தனர். 1967 மார்ச்சு வரையில் 2,500க்கு மேற்பட்ட பெண்கள் அதிற் பயின்றனர். அவ்வாண்டிலே அந்நகரிற் பதிவான பாலியல் வன்முறைகள் பெரிதுங் குறைந்தன. வகுப்பே காரணம் என்றார் ஒரு சாரார். சிறு நகரின் எண்கள் ஆண்டுக்காண்டு ஏறியிறங்குவன, அதனைக்கொண்டு எதனையும் நிறுவலாகாது என்றார் மறுசாரார். வழக்கு இன்றுந் தீரவில்லை. ஆனால் வாங்கியபின் கற்பதா, கற்றபின் வாங்குவதா என்பதில் வழக்கில்லை.

அமெரிக்காவிலே பல சுடுபயிற்சிக் களங்களில் துவக்குகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். நான்கு ஐந்து வகையை ஒரே நாளிற் சுட்டுப் பார்த்தால், கடைப் பேழையின் முன் ஒரு மாதம் நின்றாலும் பெறாத தெளிவு கிடைக்கும். வெடியோசை 140 டெசிபலுக்கு மேற்பட்டது. காப்பின்றிக் கேட்பது செவியைக் கெடுக்கும். ஆதலால் காதுக்குள் அடைப்பும் அதன்மேல் மூடியும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். தோட்டாவின் புகையிலே ஈயம் உண்டு. சுட்டபின் கையும் முகமும் கழுவாமல் உண்ணலாகாது. கருவுற்ற பெண் இக்களங்களுக்குச் செல்லாதிருத்தலே நன்று. ஈயம் குழந்தைக்குக் கேடு. ஓசைக்கோ கருவறையிலே காதடைப்பு இல்லை.

பயிற்சிக் களத்திலே முதலிற் கற்பிக்கப்படுவன, ஜெப் கூப்பர் என்பவர் வகுத்துப் பரவிய நான்கு விதிகள். எத்துவக்கையும் தோட்டா நிறைந்ததாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே. குறி நிலைக்குமுன் விரலை விசையில் வையாதே. இலக்கையும் அதற்கு அப்பாலுள்ளதையும் அறிந்துகொள். இறுதி விதி வீட்டிலே பெரும் பொருளுடையது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் சாந்துப் பலகையுமே. சன்னம் அதனூடே சென்று மறு அறையில் உறங்கும் பிள்ளையை அடையும். முதல் விதியைப் பிஸ்டல் வாங்கியவள் இரட்டிப்பாய் நினைத்தல் வேண்டும். தோட்டாப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டாலும், குழலின் வாயில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கலாம். "வெறுந் துவக்கு" என்று நினைத்த துவக்கே பலரின் உயிரைக் குடித்தது.

துவக்கை எங்கே வைப்பது? கைப்பைக்குள் என்றார் கடைக்காரர். 2014 டிசெம்பரில், ஐடஹோ மாநிலத்துப் பேரங்காடி ஒன்றிலே, ஓர் இளந்தாய் தன் இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் இருத்திச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளது கைப்பை குழந்தைக்கு அருகில் இருந்தது. துவக்கு வைப்பதற்கென்றே தனியறை தைத்த பை அது. குழந்தை அதனைத் திறந்தது. வெடியோசை கேட்டது. தாய் அவ்விடத்திலேயே மாண்டாள். அவள் துவக்குக்குப் புதியவளுமல்லள். சட்டப்படி அநுமதி பெற்றிருந்தவள். பையை நாற்காலியில் வைக்கின்றோம், வண்டியில் வைக்கின்றோம், பிள்ளையிடம் பிடிக்கக் கொடுக்கின்றோம். திருடன் பறிப்பதும் பையையே. ஆகவே சுமப்பவள் உடலோடு சேர்ந்த, விசையை முற்றாய் மூடும் கடினமான உறையிலே சுமத்தல் வேண்டும். பெண்களின் உடை அதற்கு இடந்தராது என்பது உண்மைதான். அதனாலேயே சிறு துவக்கின் கவர்ச்சியும் பிறக்கின்றது. பலர் வீட்டுக்கு ஒன்றாய், பாரமானதைத் தேர்ந்து, வெளியே சுமக்கும் எண்ணத்தையே பிற்போடுகின்றனர். இது கோழைத்தனமன்று.

வீட்டிலும் இழுப்பறை ஆகாது. இலக்கப் பூட்டோ விரலடையாளப் பூட்டோ உடைய சிறு இரும்புப் பெட்டி, நொடியில் உரியவளுக்குத் திறக்கும், மற்றவருக்குத் திறவாது. மற்றவர் என்பதிற் பிள்ளைகள் மாத்திரமன்றி வேறு சிலரும் அடங்குவர். பெண்ணுக்கு ஆபத்து இருளிலே மறைந்து நிற்கும் அந்நியனிடமிருந்தே வரும் என்பது விளம்பரங்களின் கற்பனை. கொலையுண்ட பெண்களிற் பெரும்பாலோர் தமக்கு அறிமுகமானவராலேயே கொலையுண்டவர். மனைவியைத் துன்புறுத்தும் ஒருவனுக்குத் துவக்கு எட்டுமாயின், அவள் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் உயர்கின்றது என 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. அவள் தன் காப்புக்கென வாங்கிய துவக்கும் அதே கூரையின் கீழேதான் கிடக்கின்றது. துன்புறுத்துவோனுக்கு நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றால், அவன் துவக்கு வைத்திருத்தலை அந்நாட்டு மத்திய சட்டம் விலக்குகின்றது. அவ்விலக்கு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் உறுதி செய்தது. பயமுறுத்தலுக்கு ஆளானவளுக்கு அந்த உத்தரவு எவ்வகைத் துவக்கினும் முந்தித் தேடத்தக்கது.

இன்னுமொன்று, கடைகளிற் பேசப்படாதது. கலிபோர்ணியாவிலே 2 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்த முடிவுகள் 2020இல் வெளியாயின. கைத்துப்பாக்கி உடைய பெண்கள் துவக்கினால் தம்முயிரை மாய்த்த வீதம், அஃதில்லாத பெண்களின் வீதத்திலும் ஏறத்தாழ 35 மடங்கு. இறக்கும் எண்ணத்தோடே வாங்கியோரும் இதில் உளர் என்பது மெய். வாங்கியவுடனான நாட்களில் ஆபத்து உச்சமாயிருந்தது. ஆயினும், துவக்குடைய ஆண் பெண் இருபாலாரையுஞ் சேர்த்துப் பார்க்கையில், அத்தகைய மரணங்களிற் பாதிக்கு மேற்பட்டவை வாங்கி ஓராண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தவை. மனத்துயர் வந்து போகும். வேறு வழிகளிற் பிழைத்தெழுந்தோர் பலர். துவக்கிலோ பிழைத்தல் அரிது. ஆகவே தன் வீட்டில், தானுட்பட, துயரின் இருளிலே நடப்பவர் யாரேனும் உண்டா என்று பெண் தன்னைத்தான் கேட்டுக்கொள்ளல் வேண்டும். உண்டெனின், உறுதியான கதவு, நல்ல பூட்டு, குரைக்கும் நாய், வெளிவிளக்கு, தொலைபேசி ஆகியவையே அவ்வீட்டுக்குப் பொருந்துங் காவல். துவக்கு முன்னமே இருப்பின், துயர் தணியும்வரை அதனை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான இடத்திலே ஒப்படைத்து வைப்பதும் அந்நாட்டில் மருத்துவர்கள் கூறும் வழியாகும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின்னும் வேண்டும் என்று முடிவு செய்தவள், மறுபடியும் அக்கடைக்கு வருகின்றாள் எனக் கொள்வோம். இம்முறை தமையன் வரவில்லை. சுற்றிலும் அடுக்கியவற்றுள் நடுத்தரமான ஒன்றைக் காட்டி, தோட்டா இல்லையென்று கடைக்காரர் திறந்து காட்டியதைத் தன் கண்ணாலும் பார்த்து, பிடித்துப் பார்க்கின்றாள். விரல் எட்டவில்லை. பின்புறத்தை மாற்றித் தரும்படி கேட்கின்றாள். எட்டுகின்றது. மேலுறையை உள்ளங்கையாற் பற்றி இழுக்கின்றாள்; வருகின்றது. "அப்படியானால் கட்டித் தரட்டுமா?" என்கின்றார் அவர். "இல்லை, சனிக்கிழமை பயிற்சிக் களத்தில் இதனையும் வேறு மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுடப்போகின்றேன். அதன் பிறகு வருகின்றேன்" என்று கூறி, பிஸ்டலின் பெயரையும் பின்புறத்தின் அளவையும் ஒரு துண்டிலே குறித்துக்கொண்டு வெளியே செல்கின்றாள்.